வரலாற்றுச் சிறப்புமிக்க ஒழுகல்

ஊரின் பழைய நாடக அரங்கத்தில் மேடையின் நட்டநடுவில் ஒழுகும். என்றைக்கு ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. கட்டிய மகராசன் நாலு பக்கமும் ஓடுகளை ஒழுங்காக அடுக்கிவிட்டு, ராஜா சிம்மாசனம் போட்டு உட்கார வேண்டிய இடத்துக்கு நேர்மேலே மட்டும் கோட்டை விட்டுவிட்டான். மழை பெய்தால் அங்கே சொட்டும். மழை நின்றாலும், ஈரம் குடித்த உத்தரம் சும்மா இராமல் இன்னும் கொஞ்ச நேரம் சொட்டும். அதற்குக் கீழே ஒரு வாளி.

அந்த வாளியைச் சுற்றித்தான் அந்தக் குழு நடிக்கவே கற்றுக்கொண்டது. ராஜா இடப்பக்கம் உட்காருவார், மந்திரி வலப்பக்கம் நிற்பார், நடுவில் வாளி கொலுவிருக்கும். காதலன் காதலியை நோக்கி ஓடிவந்து, வாளிக்கு இந்தப் பக்கமே பிரேக் போட்டு நின்று, அங்கிருந்தபடியே உருகுவான். வாள் சண்டையில் செத்து விழுகிறவன் வாளியைத் தட்டிவிடாமல் ஒருக்களித்துத்தான் சாக வேண்டும். இதெல்லாம் பழகிப்போய், ஒழுகாத வெளியூர் மேடைகளிலும் இவர்கள் நடுவிடத்தைச் சுற்றிக்கொண்டே நடந்தார்கள். அதைப் பார்த்த ஒரு விமர்சகர், ‘மையத்தின் வெறுமையே இக்குழுவின் தத்துவம்’ என்று பத்திரிகையில் எழுதிவிட்டார். படித்துவிட்டு எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அரங்கத்தின் சொந்தக்காரியை ஊரில் அரங்கத்தம்மா என்பார்கள். அப்பா விட்டுப்போன இடம். டிக்கெட் கிழிப்பது, கிழிந்த வேஷத் துணியைத் தைப்பது, பக்கத் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுப்பது எல்லாம் அவள்தான். கணவர் காலம் பூராவும் ராஜா வேஷமே கட்டியதால் ஊரில் அவருக்கு ராஜா என்றே பெயர். வீட்டில் அந்த மரியாதை கிடையாது. ஒரே மகள். குரல் கணீரென்று கடைசி வரிசைவரை போகும். ஆனாலும் தோழி வேஷத்தைத் தாண்டவில்லை. தோழி ஓரமாக நிற்கிறவள் ஆயிற்றே!

அப்படி இருக்கும்போதுதான் அரங்கத்தம்மா ஒரு நாடகம் எழுதினாள். யார் யாருடைய வசனத்தையோ எடுத்துக்கொடுத்து வாய் வலித்துப்போய், முதல்முறையாகத் தானே எழுதியது. கதை ஒரு படகுக்காரியுடையது. ராஜாவின் படையை ஆற்றுக்கு அக்கரையில் கொண்டுபோய் விட்டவள் அவள். அந்தப் படையில் அவள் புருஷனும் இருந்தான். ராஜா ஜெயித்துத் திரும்பினார், அவன் திரும்பவில்லை. கடைசிக் காட்சியில் படகுக்காரி சபையின் நடுவில் வந்து நின்று பேசுவாள். ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கும்வரை நகரமாட்டாள்.

“ஓரமா நின்னு பேசிட்டுப் போகட்டுமே,” என்றார் ராஜா.

“ஓரமா நிக்கறதுக்குத்தான் இத்தனை நாள் தோழி வேஷம் கட்டினாளே, போதாதா? என் பொண்ணு நடுவுலதான் நிப்பா. நீங்க ஓட்டையை அடைக்கிற வழியைப் பாருங்க.”

ஓட்டை அடைப்பது என்ன மலையைப் புரட்டுகிற வேலையா? தச்சர் வந்து பார்த்துவிட்டு, ஒரு உத்தரம், கொஞ்சம் ஓடு, அரைநாள் வேலை என்றார். ஆனால் அரங்கம் பழைய கட்டடம் என்று சட்டப்படி அறிவிக்கப்பட்டிருந்தது. தொன்மைப் பாதுகாப்பு வாரியத்தின் அனுமதி இல்லாமல் அதன்மேல் காக்கா உட்கார்ந்தாலும் குற்றம்.

வாரியத்தின் கண்காணிப்பாளர் ஆய்வுக்கு வந்தது சுட்டெரிக்கும் கோடையில். மேடையில் ஏறி அண்ணாந்து பார்த்தார். உத்தரம் காய்ந்திருந்தது. குனிந்து வாளியைப் பார்த்தார். அதுவும் காய்ந்திருந்தது.

“ஒழுகல் எங்கேம்மா?”

“மழை பெஞ்சாத்தான் சார் ஒழுகும்.”

“அப்ப இப்ப ஒழுகலை.”

“இப்ப மழை இல்லையே சார்.”

“அதைத்தான் நானும் சொல்றேன். இல்லாத ஒழுகலை அடைக்க எப்படிம்மா அனுமதி குடுக்கறது? மேலிடத்துல கேட்டா நான் எந்த முகத்தை வெச்சுக்கிட்டுப் பதில் சொல்வேன்?”

“மழைக்காலத்துல ஒரு தடவை வந்து பாருங்க சார்.”

“மழைக்காலத்துல ஆய்வு கிடையாது. அதிகாரி நனையக் கூடாதுன்னு விதி இருக்கு.”

ராஜாவுக்குப் பொறுக்கவில்லை. சத்தம் காட்டாமல் பின்பக்கம் போனார். ஏணி வைத்தார். ஒரு குடம் தண்ணீரோடு கூரைமேல் ஏறி, குறி பார்த்துக் கவிழ்த்தார்.

முதல் சொட்டு கண்காணிப்பாளரின் வழுக்கையில் சரியாக விழுந்தது. அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். இரண்டாவது மூக்கில். கையை நீட்டி மூன்றாவதை ஏந்தினார். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. மழையில்லாமல் எப்படி ஒழுகுகிறது என்று அவர் கேட்கவில்லை. அது அவர் துறை இல்லை, வானிலைக்குத் தனித் துறை இருக்கிறது.

“நல்ல ஒழுகல்,” என்றார். “ரொம்ப நல்ல ஒழுகல்.”

அத்தோடு விட்டிருந்தால் அனுமதி கிடைத்திருக்கும், ஓட்டை அடைபட்டிருக்கும், எனக்கும் சொல்ல ஒரு கதை இருந்திருக்காது. கெடுத்தது ராஜாவின் வாய். கீழே இறங்கி வந்தவர், கண்காணிப்பாளர் வாயைப் பிளந்துகொண்டு நிற்பதைப் பார்த்தார். ஒரு நடிகனுக்கு முன்னால் யாராவது அப்படி நின்றுவிட்டால் பிறகு அவனைப் பிடித்து நிறுத்த முடியுமா?

“சார், இது சாதாரண ஒழுகல் இல்ல,” என்று குரலைத் தாழ்த்தினார். “எங்க மாமனாரோட அப்பா காலத்துல, பெரிய நடிகர் ஒருத்தர் இந்த இடத்துலதான் நின்னார். மகனைப் பறிகொடுத்த ராஜா வேஷம். அழணும். அழுகையே வரலை. சபை முழுக்கக் காத்துக்கிட்டிருக்கு. அப்ப மேலேர்ந்து ஒரு சொட்டு, அவர் கன்னத்துல... பார்த்த ஜனம் பூரா விம்மி விம்மி அழுதுச்சு சார்! அன்னையிலேர்ந்து இதை அடைக்க யாருக்கும் மனசு வரலை.”

அரங்கத்தம்மா அவர் இடுப்பில் கிள்ளினாள். அவர் அதையும் வலியாக முகத்தில் காட்டி நடிப்போடு சேர்த்துக்கொண்டார். கண்காணிப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

கொஞ்ச நாளில் ஆணை வந்தது. அரங்கத்தின் ஒழுகல் பாதுகாக்கப்பட்ட தொன்மைச் சின்னமாக அறிவிக்கப்படுகிறது. அதை அடைப்பதோ, திசை திருப்புவதோ, அவமதிப்பதோ தண்டனைக்குரிய குற்றம். ஆணையின் பின்னாலேயே ஆட்கள் வந்து மேடை நடுவில் இரும்பு வேலி போட்டார்கள். வாளியைக் கையுறை போட்ட இருவர் தூக்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். தண்ணீர் இப்போது நேரே பலகையில் விழும். சீருடை போட்ட காவலாளி ஒருவர் வேலிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அரங்கத்தம்மா சும்மா இருக்கவில்லை. ராஜாவை இழுத்துக்கொண்டு வாரியத் தலைவரைப் பார்க்கப் போனாள். வாரியத்தின் கட்டடம் புத்தம்புதியது. கண்ணாடிச் சுவர், குளிர்சாதனம், பளபளவென்று தரை. இடிந்த கட்டடங்களின் படங்கள் தலைவரின் அறையில் வரிசையாக மாட்டியிருந்தன.

“ஐயா, அந்தக் கதை பொய்,” என்றாள்.

“எது பொய்?”

“ஒழுகல் கதைங்கய்யா. நடிகருமில்ல, கன்னத்துல சொட்டுமில்ல. இதோ நிக்கறாரே எங்க வீட்டுக்காரர், என் கண்ணு முன்னாடி இவர் இட்டுக்கட்டினது.”

தலைவர் ராஜாவை மேலும் கீழும் பார்த்தார். “நீங்க வரலாறு படிச்சவரா?”

“இல்லீங்க. நடிகன்.”

“அப்ப வரலாற்றை இட்டுக்கட்ட உங்களுக்குத் தகுதி இல்லை. தகுதி இல்லாதவர் சொன்னது எப்படி இட்டுக்கட்டினது ஆகும்? எங்க நிபுணர் குழு உக்காந்து ஆராய்ஞ்சு, உண்மைதான்னு ஒருமனதா முடிவு பண்ணியிருக்கு.”

“யாரைங்கய்யா கேட்டு ஆராய்ஞ்சாங்க?”

“கண்காணிப்பாளரை.”

“அவருக்கு யார் சொன்னது?”

“அதை ஆராயறது குழுவோட வரம்புக்குள்ள வராது.” தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பேச்சு சூடு பிடித்துவிட்டது. “அம்மா, ஒண்ணு சொல்றேன் கேட்டுக்குங்க. இந்த வாரியம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ஒரு கட்டடத்தைக்கூட நாங்க செப்பனிட்டதில்லை. இதைப் பெருமையாவே சொல்றேன். விரிசல் விழுந்தா வேலி போடுவோம். வேலி சாய்ஞ்சா அதுக்கு ஒரு வேலி. செப்பனிட்டுட்டா அது புதுக் கட்டடம். புதுக் கட்டடத்தைப் பாதுகாக்க நாங்க எதுக்கு? எங்களுக்குச் சம்பளம் எதுக்கு? நீங்க என்னடான்னா அரைநாள்ல அடைச்சிடலாங்கறீங்க. ஒரு துறையோட எதிர்காலத்தையே அடைக்கப் பார்க்கறீங்களே, தாயே!”

அவள் விறுவிறுவென்று வெளியே வந்தாள். ராஜா படியிறங்கும்போது, “தலைவர் நல்லா உச்சரிக்கிறார், இல்ல?” என்றார். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் வீடு வரைக்கும் அவர் வாய் திறக்கவில்லை.

பார்வையாளர்கள் வரத் தொடங்கினார்கள். கோடையாதலால் ஒழுகல் வேலை செய்யவில்லை. வந்தவர்கள் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலியோடு திரும்பினார்கள். புகார் போனது. அன்றிலிருந்து காவலாளி குடத்தோடு கூரை ஏறினார். ராஜா ஒருநாள் திருட்டுத்தனமாகச் செய்ததை வாரியம் சீருடை போட்டுத் தினமும் செய்தது.

இத்தனைக்கும் நடுவில், வேலிக்கு வெளியே கிடைத்த இடத்தில் படகுக்காரி ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. மகள் ஓரமாக நின்றுதான் பேசினாள். இருந்தாலும் அந்தக் குரலுக்குப் பக்கத் திரைகூட ஆடியது. ஒருநாள் கண்காணிப்பாளர் ஓடிவந்து கையைத் தூக்கினார்.

“நிறுத்துங்க, நிறுத்துங்க! நீங்க கத்தற கத்துல சொட்டு நடுங்குது. நேரா விழ வேண்டியது சாய்ஞ்சு விழுது. இனிமே இங்க நாடகம் போடக் கூடாது.”

“நாடக அரங்கத்துல நாடகம் போடக் கூடாதா?” என்றாள் அரங்கத்தம்மா.

“இது வரலாற்றுச் சிறப்புமிக்க நாடக அரங்கம்மா. நாடகம் நடந்துக்கிட்டே இருந்தா அது எப்படி வரலாறாகும்? நின்னாத்தானே வரலாறு.”

அன்று வீட்டுக்கு வந்தவள் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். கூரைக்காக இல்லை. நடுவில் நிற்க மகளுக்கு ஒரு வாய்ப்பு கொடுத்துவிட்டுத்தான் சாக வேண்டும் என்று நினைத்திருந்தாளே, அதற்காக. மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “விடும்மா, நான் என்ன சாகறதுக்குள்ள கிழவியாகிடுவேனா, பார்த்துக்கலாம்,” என்றாள். சொல்லிவிட்டு, தான் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று புரியாமல் அவளே சிரித்தாள். அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

குழு கலைந்தது. மந்திரி ஜவுளிக்கடையில் சேர்ந்தார். சேனாதிபதி பஸ்ஸில் கண்டக்டராகி, படைக்கு ஆணையிடுகிற மாதிரியே பயணிகளை உள்ளே போகச் சொல்லி விரட்டினார்.

பிறகு மழைக்காலம் வந்தது. அரைநாள் வேலையைச் செய்யாமல் விட்ட உத்தரம் இற்றுப்போய், கூரை கண்ட இடத்தில் எல்லாம் ஒழுகியது. கண்காணிப்பாளர் குடையோடு வந்தார். (அவசர ஆய்வுக்கு நனைய அனுமதி உண்டாம்.) தரையில் புது ஒழுகல் ஒவ்வொன்றையும் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டார்.

“இதெல்லாம் ஆக்கிரமிப்பு,” என்றார். “அசல் ஒழுகல் ஒண்ணுதான். மத்ததெல்லாம் அதோட பேரைச் சொல்லிப் பொழைக்க வந்ததுங்க. உடனே அப்புறப்படுத்துங்க.”

“அப்ப ஓடு மாத்திக்கலாமா சார்?”

“கூரையில கை வைக்கக் கூடாது. ஒழுகலை மட்டும் அப்புறப்படுத்தணும்.”

“கூரையைத் தொடாம ஒழுகலை எப்படி சார்...”

“அது உங்க பொறுப்பு. நான் வட்டம் போட்டாச்சு.”

கூரைக்கு அந்தப் பொறுமை இல்லை. ஒரு மத்தியான நேரம், காவலாளி டீ குடிக்கப் போயிருந்தபோது, மொத்தமாக மேடைமேல் உட்கார்ந்துவிட்டது. நல்லவேளை, உள்ளே ஒரு ஈ காக்கை இல்லை. அரங்கத்தம்மா ஓடிவந்து பார்த்தாள். மேடைக்கு மேலே வானம் தெரிந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் வாளி மட்டும் அலுங்காமல் இருந்தது.

தலைவர் காரில் பறந்து வந்தார். இடிபாடுகளின் நடுவே நின்று மேலே பார்த்தார். மழை அவர் தலையில் கொட்டியது.

“ஐயோ, ஒழுகலைக் காணோமே!” என்றார்.

“கூரையே போயிடுச்சுங்கய்யா,” என்றாள் அரங்கத்தம்மா.

“கூரை எல்லாக் கட்டடத்துலயும்தான் இருக்கு. அது போனா போகட்டும். ஒழுகல் எங்கே? இப்ப எல்லா இடத்துலயும் தண்ணி விழுது. இதுக்குப் பேர் மழை. ஒரு தொன்மைச் சின்னத்தை உங்ககிட்ட நம்பி விட்டா, இப்படித் தொலைச்சுட்டு நிக்கறீங்களே!”

வாரியம் அவசரமாகக் கூடியது. ஒழுகலை மீட்டெடுப்பது தேசக் கடமை என்று தீர்மானம் போட்டார்கள். ஒழுகல் என்று ஒன்று இருக்க வேண்டுமானால் சுற்றிலும் ஒழுகாத கூரை ஒன்று வேண்டும் என்பதை நிபுணர்கள் நீண்ட விவாதத்துக்குப் பிறகு கண்டுபிடித்தார்கள். அப்புறம் பார்க்க வேண்டுமே வேகத்தை! லாரி லாரியாகத் தேக்கு வந்தது, முதல்தர ஓடு வந்தது. அரங்கத்தம்மாவின் அப்பா கனவிலும் கண்டிராத கூரை ஒன்று எழுந்தது. தீயணைப்பு வண்டி வந்து மேலே தண்ணீரைப் பீய்ச்சிச் சோதனை செய்தது. உள்ளே பொட்டுத் தண்ணீர் இல்லை. அண்ணாந்து பார்த்த அவளுக்குக் கண் கலங்கியது.

மறுநாள் தச்சர் துளைபோடும் இயந்திரத்தோடு ஏணியில் ஏறினார்.

“ஏங்க, அதை மட்டும் மறந்தாப்ல விட்டுடக் கூடாதா?” என்று கீழேயிருந்து கெஞ்சினாள்.

“அம்மா, அந்த ஓட்டைக்காகத்தான் இந்தக் கூரையே,” என்று சொல்லிவிட்டு, அவர் மேடையின் நட்டநடுவுக்கு நேராகத் துளை போட்டார்.

ஒழுகலை விளக்கிச் சொல்ல ஆள் தேவை என்றது வாரியம். நல்ல உச்சரிப்பு வேண்டும், குரல் கடைசி வரிசைவரை கேட்க வேண்டும். நேர்முகத் தேர்வுக்குப் போன மகளுக்கு உடனே வேலை கிடைத்தது. சாம்பல் நிறச் சீருடை. கழுத்தில் அடையாள அட்டை. வேலிக்குள்ளே ஒழுகலுக்குப் பக்கத்தில் நின்று, அப்பா இட்டுக்கட்டிய கதையை நாளெல்லாம் சொல்ல வேண்டும். ‘நடுவில் நிற்க வேண்டும் என்று கேட்டேனே, கேட்டது கிடைத்துவிட்டது’ என்று அரங்கத்தம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

கதை சின்னது. நடிகர் வந்தார், அழுகை வரவில்லை, சொட்டு விழுந்தது, முடிந்தது. வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள் உட்கார்ந்த இடம் சூடாகுமுன் எழுந்து போனார்கள். கண்காணிப்பாளருக்குக் கவலை வந்துவிட்டது.

“வரலாறு பத்தலைம்மா,” என்றார் மகளிடம். “தலைவர் கோவிச்சுக்கறார். இன்னும் கொஞ்சம் வரலாறு கிடைக்குமான்னு பாரேன். உங்க வீட்டுல யாருக்காவது தெரிஞ்சிருக்கும்.”

மகள் வந்து சொன்னதும் ராஜா தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். “நீங்க உக்காருங்க,” என்றாள் அரங்கத்தம்மா. அடுப்பிலிருந்ததை இறக்கி வைத்தாள். பொய்யைப் பொய் என்று சொல்ல வாரியத்தின் படியேறிப் போனவள்தான். போய் என்ன கண்டாள்?

“என்கிட்ட இருக்குடி வரலாறு,” என்றாள். “உனக்கு மனப்பாடமாவே தெரியும். அரங்கம் கட்டறதுக்கு முன்னாடி இங்க ஒரு ஆறு ஓடுச்சு, அதோட கடைசிச் சொட்டுதான் இதுன்னு ஆரம்பி. மிச்சம் தானா வரும்.”

கண்காணிப்பாளர் ஆதாரம் கேட்டார். வாய்மொழி வரலாறு என்றாள் மகள். வாய்மொழி என்றால் ஆதாரம் வேண்டாம் என்று அவர் முகம் மலர்ந்தது. குரல் எழுப்பினால் சொட்டு நடுங்குமே என்று அவளே கேட்டாள். “நாடகத்துக்குத்தான் நடுங்கக் கூடாது. வரலாறுன்னா நடுங்கலாம்,” என்றார்.

முதல் நாளே செய்தி பரவிவிட்டது. வாரக் கடைசியில் அரங்கத்தில் உட்கார இடமில்லை. ஜவுளிக்கடைக்கு லீவு போட்டுவிட்டு மந்திரி வந்திருந்தார். சுவரோரம் ராஜா நின்றிருந்தார். தலைவர் தன் பரிவாரத்தோடு வந்தார். அவர் பொதுமக்களோடு உட்காரக் கூடாதாம், மேடையிலேயே இடப்பக்கமாக உயர்ந்த நாற்காலி ஒன்று போட்டிருந்தார்கள். கடைசி வரிசையில் ஒரு மூலையில் அரங்கத்தம்மா ஒண்டிக்கொண்டாள். எடுத்துக்கொடுக்க ஒன்றுமில்லை. ஆனாலும் உதடு தன்னால் அசைந்தது.

மகள் நடுவில் நின்றாள். ஆற்றிலிருந்து ஆரம்பித்தாள். படை வந்தது, படகு போனது, ஜெயித்தவர்கள் திரும்பினார்கள். சீருடையும் அடையாள அட்டையும் யார் கண்ணிலும் படவில்லை. சொட்டு அவள் தோளில் விழுந்தது. அவள் துடைக்கவில்லை.

“அத்தனை பேரையும் அக்கரையில கொண்டுபோய் விட்டேன், ராஜா. துடுப்புப் போட்டது இந்தக் கை. என் புருஷனையும் இந்தக் கைதான் கொண்டுபோய் விட்டுச்சு. கொடி திரும்பி வந்துச்சு, குதிரை திரும்பி வந்துச்சு, உன் குடைகூடத் திரும்பி வந்துச்சு. அந்த வெறும் படகை இக்கரைக்கு ஓட்டிக்கிட்டு வந்தவ நான். அது எவ்வளவு கனமா இருந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா? உக்காந்த இடத்துலேர்ந்து தெரியாது. இறங்கி வா.”

அவள் இடப்பக்கம் திரும்பியிருந்தாள். உயர்ந்த நாற்காலியில் இருந்த தலைவரின் முகம் கோணிக்கொண்டு போயிற்று. கைக்குட்டையைத் தேடினார், கிடைக்கவில்லை. தடுமாறி எழுந்தார். என்ன செய்கிறோம் என்று தெரியாமலே இறங்கி வந்து, அவள் எதிரில் தலை குனிந்து நின்றார். 

அரங்கத்தம்மா கைதட்டினாள். எத்தனையோ வருஷம் திரைக்குப் பின்னால் நின்று அடுத்தவருக்குக் கேட்ட கைதட்டலை எல்லாம் சேர்த்துத் தட்டினாள்.

பின்னால் நின்றிருந்த கண்காணிப்பாளர் பதறிக் குனிந்து அவள் தோளைத் தொட்டார். அவர் கண்ணும் சிவந்திருந்தது.

“உஷ்! என்னம்மா இது? இது என்ன நாடகமா? வரலாறும்மா. கைதட்டக் கூடாது.”

அவள் நிறுத்தவில்லை.